பக்கத்துப் பக்கத்தில் அமைந்த இரண்டு புதிய கோல்ஃப் மைதானங்களின் வடிவமைப்பை ஒப்பிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரே நிலப்பரப்பில், சில ஆண்டு இடைவெளியில், இரண்டு வேறு வடிவமைப்பாளர்கள் கட்டிய மைதானங்கள் கிடைத்தால் அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதைப் போல வடிவமைப்பைக் கற்றுத்தரும் பயிற்சி வேறில்லை. மண், மழை, காற்று, புல் ஆகிய நான்கும் இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால், எஞ்சி நிற்கும் வேறுபாடுகளில் பெரும்பகுதி மனிதர் எடுத்த முடிவுகள்தாம்.

இந்த வழிகாட்டிக்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள சாண்ட் வேலி வளாகத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே பில் கூரும் பென் கிரென்ஷாவும் வடிவமைத்த, வளாகத்தின் பெயரையே கொண்ட சாண்ட் வேலி மைதானம் 2017இலும், டேவிட் மெக்லே கிட் வடிவமைத்த மேமத் டியூன்ஸ் 2018இலும் திறக்கப்பட்டன. கீழே சொல்லும் படிகளை வேறெந்த ஜோடிக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஏறக்குறைய எல்லோருமே தடுமாறுவது படிகளின் வரிசையில்தான். முதலில் விளையாடி, மதிப்பெண் அட்டையைப் பார்த்து, எது பிடித்தது என்று முடிவுகட்டிய பிறகு அதற்குக் காரணம் தேடுகிறார்கள். அப்படித் தேடும்போது பிடித்த மைதானத்துக்கு மட்டுமே காரணங்கள் கிடைக்கும். ஆகவே நிலத்தில் தொடங்கி மதிப்பெண்ணில் முடியுங்கள்.

1. புறப்படுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு மைதானங்களின் தூரக்கையேடுகள், தூரம் அளக்கும் லேசர் கருவி, ஒரு குறிப்பேடு, பழைய செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் வரைபடச் செயலி, உயரக்கோடுகள் உள்ள நிலவரைபடம் ஆகிய ஐந்தும் தேவை. அமெரிக்க மைதானங்களுக்கு அந்நாட்டு நிலவியல் ஆய்வுத்துறையின் நிலவரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பழைய படங்கள் எதற்கு என்று கேட்கலாம். சாண்ட் வேலி இருக்கும் இடம் முன்பு வரிசை வரிசையாகப் பைன் மரங்கள் நட்ட காகிதக்கூழ்த் தோட்டம். மரங்களை அகற்றிய பிறகே மணல்மேடுகள் வெளிப்பட்டன. கட்டுமானத்துக்கு முந்தைய படத்தைப் பார்த்தவருக்கே எந்த மேடு இயற்கையாக இருந்தது, எது புல்டோசர் குவித்தது என்ற கேள்வியைச் சரியாகக் கேட்க முடியும்.

தரவரிசைப் பட்டியல்களையும் மற்றவர்களின் மதிப்புரைகளையும் இந்தக் கட்டத்தில் படிக்காதீர்கள். அவை கண்ணுக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். நீங்கள் எழுதி முடித்த பிறகு படித்தால் அவற்றிலிருந்து நிறையக் கற்கலாம்.

2. இரண்டுக்கும் பொதுவானவற்றை முதலில் எழுதி ஒதுக்குங்கள்

ஒரு பக்கத்தில் பொதுவானவை அனைத்தையும் பட்டியலிடுங்கள். சாண்ட் வேலியைப் பொறுத்தவரை அது இப்படி அமையும்: பனியுகத்தில் இருந்த ஒரு பெரும் ஏரி வடிந்து விட்டுச்சென்ற ஆழமான மணல், அதைக் காற்று குவித்த மேடுகள், ஃபேர்வேக்களில் (புல்லைக் குட்டையாக வெட்டிய ஆட்டப்பாதைகளில்) ஃபெஸ்க்யூ புல், ஒரே உரிமையாளர் குடும்பம், வண்டி இல்லாமல் நடந்தே விளையாட வேண்டும் என்ற விதி.

இதைச் செய்யாதவர்கள் மண்ணின் குணத்தை வடிவமைப்பாளரின் திறமையாக எழுதிவிடுகிறார்கள். “பந்து தரையில் விழுந்து நெடுந்தூரம் உருள்கிறது, என்ன அருமையான வடிவமைப்பு” என்ற வரியை அடிக்கடி பார்க்கிறேன். மணல் தண்ணீரை உடனே வடித்துவிடுவதாலும், ஃபெஸ்க்யூ அதிக நீரும் உரமும் கேட்காத மெல்லிய புல் என்பதாலும் தரை இறுகி நிற்கிறது. அந்த உருளலை எந்த மேட்டின் மீது செலுத்துவது, எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் கை தெரியும்.

3. உரிமையாளர் என்ன கேட்டார் என்பதைக் கண்டறியுங்கள்

வடிவமைப்பாளர் வெற்றிடத்தில் வேலை செய்வதில்லை. அவரிடம் கேட்கப்பட்டது ஒன்றாகவும் நாம் தேடுவது வேறாகவும் இருந்தால் ஒப்பீடு அநியாயமாகிவிடும்.

இதே வளாகத்தில் டாம் டோக் என்ற வடிவமைப்பாளர் 2024இல் திறந்த செட்ஜ் வேலி மைதானத்தைப் பாருங்கள். அதன் பார், அதாவது ஆட்டம் முழுவதற்கும் எதிர்பார்க்கப்படும் அடிகளின் எண்ணிக்கை, 68. நீளம் 6,000 கெஜத்துக்கும் குறைவு. லண்டனைச் சுற்றியுள்ள பழைய ஹீத்லேண்டு (புதர்கள் நிறைந்த மணற்பாங்கு நிலம்) மைதானங்களின் அளவையும் சாயலையும் வைத்து அது அமைந்திருக்கிறது. அதை மேமத் டியூன்ஸின் பக்கத்தில் வைத்து “நீளம் போதவில்லை, பெரிய மேடுகள் இல்லை” என்று எழுதினால் அது குற்றச்சாட்டே அல்ல. அங்கே அது வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அதைவிட ஆழமான பிழை, 2023இல் அங்கே திறக்கப்பட்ட லிடோவை டோக்கின் சொந்தப் படைப்பாக எடுத்துக்கொண்டு ஒப்பிடுவது. 1917இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் சார்லஸ் பிளேர் மெக்டொனால்டு அமைத்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மறைந்துபோன மைதானத்தைப் பழைய படங்களையும் கணினி மாதிரியையும் கொண்டு அப்படியே மறுபடி எழுப்பியது அது. அதில் டோக் காட்டியது மீட்டெடுக்கும் துல்லியத்தை. எந்த ஹோல் (தொடக்க இடத்திலிருந்து கொடிக்குழிவரை உள்ள ஆட்டப்பகுதி) எங்கே போகவேண்டும் என்ற முடிவு அவருடையது அல்ல. ஆகவே ஜோடியைத் தேர்ந்தெடுக்கும்போதே இரண்டும் புதிதாகச் சிந்திக்கப்பட்ட மைதானங்கள்தாமா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எது முதலில் கட்டப்பட்டது என்பதையும் குறித்துவையுங்கள். இரண்டாவதாக வந்தவர் முதல் மைதானத்தைப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குகிறார். அவருடைய பல முடிவுகள் பக்கத்து மைதானத்துக்குச் சொல்லும் பதிலாகவே இருக்கும்.

4. வழித்தடத்தை வரைந்து பாருங்கள்

ஒப்பீட்டின் உயிர்நாடி இந்தப் படிதான். இதற்கு ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குங்கள். உயரக்கோட்டு வரைபடத்தின் மீது பதினெட்டு ஹோல்களையும் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) கிரீன்வரை (கொடிக்குழி உள்ள, ஒட்ட வெட்டிய புல்தரை) அம்புக்குறிகளாக வரையுங்கள். இரண்டு மைதானங்களுக்கும் இரண்டு வண்ணம் போதும்.

வரைந்த பிறகு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நிலத்தின் மிகப் பெரிய மேட்டை வழித்தடம் என்ன செய்கிறது? ஒரு கிரீனிலிருந்து அடுத்த டீக்கு எத்தனை கெஜம் நடக்க வேண்டும்? அடுத்தடுத்த ஹோல்கள் எத்தனை திசைகளைப் பார்க்கின்றன?

முதல் கேள்விக்கு மேமத் டியூன்ஸ் தெளிவான பதிலைத் தருகிறது. அங்கே ‘வி’ வடிவில் வளைந்து செல்லும் ஒரு பிரம்மாண்டமான மணல்முகடு இருக்கிறது. கிட்டின் வழித்தடம் அந்த முகட்டைச் சுற்றியும் அதன் சரிவுகளில் ஏறி இறங்கியும் போகிறது. அந்த ஒரு முகட்டைப் புரிந்துகொண்டால் மைதானம் முழுவதும் ஏன் அவ்வளவு பெரிய அளவில் தோன்றுகிறது என்பது விளங்கிவிடும். சாண்ட் வேலியில் கூரும் கிரென்ஷாவும் மேடுகளின் இடையிலுள்ள பள்ளங்களைத் தேடிப்போகிறார்கள். கிரீன்கள் பல இடங்களில் மேட்டின் மடிப்புக்குள் ஒதுங்கி அமைகின்றன.

இரண்டாவது கேள்வி நடந்து மட்டுமே விளையாடும் மைதானங்களுக்கு மிக முக்கியம். நல்ல நிலத்தைப் பிடிக்க ஒரு வடிவமைப்பாளர் நீண்ட நடையை ஏற்றுக்கொள்வார். இன்னொருவர் நடையைக் குறைக்கச் சற்றுச் சாதாரணமான ஹோல் ஒன்றை நடுவில் வைப்பார். இரண்டும் நியாயமான பேரங்களே. யார் எந்த இடத்தில் எந்தப் பேரத்தைச் செய்தார் என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

வழித்தடத்தைப் படிக்கும்போது வழக்கமான எண்ணிக்கைகளை எதிர்பார்க்காதீர்கள். ஓரிகன் மாநிலக் கடற்கரையிலுள்ள பேண்டன் டியூன்ஸ் வளாகம் இதற்கு நல்ல பாடம். அங்கே 1999இல் கிட் கட்டிய முதல் மைதானத்துக்கு அருகில் 2001இல் டோக் கட்டிய பசிபிக் டியூன்ஸின் கடைசி ஒன்பது ஹோல்களில் நான்கு பார் 3 (மூன்று அடிகளில் முடிக்க வேண்டியவை), மூன்று பார் 5, இரண்டே இரண்டு பார் 4. பத்தாவதும் பதினொன்றாவதும் தொடர்ந்து பார் 3. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் இதைச் சமநிலை தவறியது என்பார். வரைபடத்தில் வைத்துப் பார்ப்பவருக்குக் கடலோர நிலம் என்ன ஹோல்களைக் கொடுத்ததோ அவற்றை டோக் மறுக்காமல் எடுத்துக்கொண்டார் என்பது தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. இரண்டு மைதானங்களின் வழித்தடங்களும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கலாம். ஃபுளோரிடாவின் ஸ்ட்ரீம்சாங் வளாகத்தில், பழைய பாஸ்பேட் சுரங்கநிலத்தின் மீது அமைந்த கூர்–கிரென்ஷாவின் ரெட் மைதானமும் டோக்கின் புளூ மைதானமும் ஒரே சமயத்தில் திட்டமிடப்பட்டு ஒன்றாகத் திறக்கப்பட்டவை. அத்தகைய இடங்களில் “இவருக்கு இந்த நிலம், அவருக்கு அந்த நிலம்” என்று பிரித்துப் பேசுவதில் பொருள் குறைவு. வழித்தடத்தின் பெருமையையும் குறையையும் இருவர் கணக்கிலும் பகிர்ந்து எழுத வேண்டும்.

5. அகலத்தை 200, 250 கெஜங்களில் அளங்கள்

அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் மதிப்பீட்டு முறையில், ஆண்களுக்கான கணக்குப்படி, முதல்தர ஆட்டக்காரரின் டீ அடி 250 கெஜமும் சராசரி ஆட்டக்காரரின் அடி 200 கெஜமும் போகும் என்று கொள்ளப்படுகிறது. பெண்களுக்கு அவை 210, 150. நீங்கள் அடிக்கும் தூரம் எதுவாக இருந்தாலும் இந்த அளவுப் புள்ளிகளையே பயன்படுத்துங்கள். உங்கள் சொந்தத் தூரத்தில் மட்டும் அளந்தால் மைதானத்தைப் பற்றி எழுதுவதாக எண்ணிக்கொண்டு உங்கள் ஆட்டத்தைப் பற்றி எழுதிவிடுவீர்கள்.

செயற்கைக்கோள் படத்திலேயே ஒவ்வொரு ஹோலுக்கும் அந்த இரண்டு புள்ளிகளில் ஃபேர்வேயின் அகலத்தை அளந்து எழுதுங்கள். மேமத் டியூன்ஸில் சில இடங்களில் 100 கெஜத்துக்கும் மேலான அகலத்தைக் காண்பீர்கள். சாண்ட் வேலியும் தாராளமானதுதான்.

இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். “இரண்டும் அகலம், ஆகவே இரண்டும் எளிது” என்ற முடிவு தவறானது. அகலம் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதே கேள்வி. இதைக் கண்டறிய ஒவ்வொரு ஃபேர்வேயையும் இடம், நடு, வலம் என்று மூன்றாகப் பிரித்து, மூன்று இடங்களிலிருந்தும் கிரீன் எப்படித் திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு புறத்திலிருந்து பந்தைத் தரையில் உருட்டியே கிரீனுக்குக் கொண்டுபோக முடிந்து, மறுபுறத்திலிருந்து பங்கரை (மணல்குழியை) தாண்டித் தூக்கி அடிக்க வேண்டியிருந்தால், அந்த அகலம் ஆட்டக்காரரைச் சிந்திக்கவைக்கிறது. மூன்று இடங்களிலிருந்தும் ஒரே அடிதான் என்றால் அந்த அகலம் பந்து தொலையாமல் இருப்பதற்கு மட்டும் உதவுகிறது.

என் மதிப்பீட்டில், சாண்ட் வேலியில் அகலத்தின் தவறான பக்கத்தில் நிற்பவர் அதற்கான விலையை அடுத்த அடியிலேயே கொடுக்கிறார். மேமத் டியூன்ஸில் அந்த விலை குறைவு. நிலத்தின் சரிவுகளே பந்தைப் பிடித்து நடுவுக்குத் திருப்பிவிடுகின்றன. இது தற்செயலல்ல. ஸ்காட்லாந்தில் தான் வடிவமைத்து 2008இல் திறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் கேஸில் கோர்ஸ் மைதானம் மிகக் கடினம் என்று கிட் கடுமையாக விமர்சிக்கப்பட்டார். அதன் பிறகு 2014இல் வாஷிங்டன் மாநிலத்தில் கேம்பிள் சாண்ட்ஸைக் கட்டியதிலிருந்து, சராசரி ஆட்டக்காரர் மகிழ்ச்சியோடு முடிக்கும் மைதானங்களை அவர் வெளிப்படையாகவே நாடினார். மேமத் டியூன்ஸ் அந்தப் பாதையில் வந்தது.

6. கிரீனிலிருந்து பின்னோக்கி நடந்து பாருங்கள்

மைதானத்துக்குப் போனதும் இயன்றால் விளையாடுவதற்கு முன் ஒரு முறை சும்மா நடந்துபாருங்கள். மாலையில் கடைசி அணி கடந்த பிறகு பல மைதானங்கள் அனுமதிக்கின்றன. முன்கூட்டியே கேட்டுவிடுவது முறை.

நடக்கும்போது கிரீனில் தொடங்கி டீயை நோக்கி வாருங்கள். டீயில் நிற்கும்போது கண்ணில் படுவது அழகும் பயமும். கிரீனின் பின்னால் நின்று திரும்பிப் பார்க்கும்போதுதான் வடிவமைப்பாளர் எந்த இடத்திலிருந்து பந்து வரவேண்டும் என்று நினைத்தார் என்பது புலப்படும். டீயில் மிரட்டிய பங்கர் கிரீனுக்கு 40 கெஜம் முன்னாலேயே முடிந்துவிட்டது போன்ற கண்கட்டுகளும் பின்னாலிருந்து பார்த்தால் வெளிப்பட்டுவிடும்.

ஒவ்வொரு கிரீனிலும் நான்கு செய்திகளைக் குறியுங்கள்: எந்தப் பக்கம் சாய்கிறது, விளிம்புகள் பந்தை உள்ளே இழுக்கின்றனவா வெளியே தள்ளுகின்றனவா, முன்வாயில் திறந்திருக்கிறதா, கொடி நிற்கக்கூடிய தட்டையான இடங்கள் எத்தனை.

விளிம்பைப் பற்றிய குறிப்பே இந்த ஜோடிக்கு அதிகம் பயன்படும். சாண்ட் வேலியின் பதினேழாவது ஹோலை எடுத்துக்கொள்ளுங்கள். அது மேட்டை நோக்கி அடிக்க வேண்டிய நீளமான பார் 3. டீயிலிருந்து கிரீனின் தரை தெரியாது. மேட்டைத் தாண்டினால் நான்கு புறமும் உயர்ந்த கிண்ணத்துக்குள் கிரீன் கிடக்கிறது. கண்ணுக்குக் கடுமையானது, பந்துக்குக் கருணையானது. ஆட்டக்காரர் தெரியாத இடத்தை நம்பி முழு அடி அடிக்கிறார். மேலே ஏறிப் பார்க்கும்வரை முடிவு தெரியாது. வடிவமைப்பாளர்கள் அந்த நடையின் எதிர்பார்ப்பையும் சேர்த்தே வடிவமைத்திருக்கிறார்கள்.

இதற்கு எதிரில் மேமத் டியூன்ஸின் பதினான்காவதை வையுங்கள். ஒரு கோல்ஃப் இதழ் வாசகர்களிடையே நடத்திய போட்டியில் தேர்வான யோசனையிலிருந்து உருவான அந்தப் பார் 4 சரிவில் இறங்கிச் செல்கிறது. நல்ல அடியொன்று கிரீனையே எட்டிவிடும். இங்கே மறைவு இல்லை. நிலத்தின் சாய்வு பந்தை எப்படி ஏந்திக்கொண்டுபோகிறது என்பதை டீயில் நின்றபடியே பார்க்கலாம். ஒன்றில் மகிழ்ச்சி தாமதமாக வருகிறது, மற்றதில் கண்ணெதிரே நடக்கிறது. இரண்டு மைதானங்களின் மனப்போக்கையும் இந்த இரண்டு ஹோல்களே பெருமளவு சொல்லிவிடுகின்றன என்பது என் துணிபு.

7. ஹோல்களை எண் பார்த்து ஜோடி சேர்க்காதீர்கள்

முதல் ஹோலை முதல் ஹோலோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிட்டு யாருக்கு வெற்றி என்று எண்ணும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பொழுதுபோக்காக அது சரி. வடிவமைப்பைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை, ஏனெனில் வரிசை எண் ஒரு ஹோலின் குணம் அல்ல.

குணத்தை வைத்துச் சேருங்கள்: எட்டக்கூடிய குறுகிய பார் 4, ஏற்றத்தில் போகும் பார் 3, எதிர்க்காற்றில் விளையாடும் பார் 5. சாண்ட் வேலியின் பார் 72, மேமத் டியூன்ஸின் பார் 73, இரண்டும் 7,000 கெஜத்துக்குச் சற்றுக் குறைவு என்பதால் ஏறக்குறைய எல்லா வகைக்கும் இணை கிடைக்கும். இணை கிடைக்காத ஹோல்களைத் தனியே வையுங்கள். ஒருவர் மட்டும் கட்டத் துணிந்தவை அவையே.

8. இரண்டையும் ஒரே நிபந்தனையில் விளையாடுங்கள்

ஒரே வகை டீ, அடுத்தடுத்த நாட்கள், இரண்டு நாளும் காலைநேரம். நடந்தே விளையாட வேண்டிய வளாகத்தில் காலையில் ஒன்றும் பிற்பகலில் மற்றொன்றும் ஆடினால், பிற்பகல் மைதானம் உங்கள் களைப்பைச் சுமக்க வேண்டியிருக்கும். மணல்மேட்டில் அந்தக் களைப்பு சிறியதல்ல.

காற்றின் திசையையும், கொடி முன்னா நடுவா பின்னா என்பதையும் ஒவ்வொரு ஹோலிலும் எழுதுங்கள். திறந்த மணல்வெளியில் காற்று திரும்பினால் ஒரே ஹோல் வேறொரு ஹோலாகிவிடும்.

மதிப்பெண்ணோடு கூட, ஒவ்வொரு டீயிலும் உங்களுக்கு உண்மையாகத் தோன்றிய தேர்வுகள் எத்தனை என்றும் குறியுங்கள். “நெடுந்தூர மட்டையா குறுந்தூர மட்டையா” என்பது ஒரு தேர்வு. “இடப்பக்கம் பாதுகாப்பு, வலப்பக்கம் நல்ல கோணம்” என்பது இன்னொன்று. ஆட்டம் முடிந்தபின் நினைவிலிருந்து எழுதினால் நன்றாக அடித்த ஹோல்களில் தேர்வுகள் பெருகிவிடும். அந்தந்த டீயிலேயே எழுதிவிடுங்கள்.

9. மதிப்பீட்டு எண்களைக் கடைசியில் திறங்கள்

மதிப்பெண் அட்டையில் அச்சிட்டிருக்கும் கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் ஆகிய இரண்டையும் இப்போது பார்க்கலாம். ஸ்லோப் 55 முதல் 155 வரை செல்லும். 113 நிலையான அளவு. அதை மொத்தக் கடினத்தின் அளவாகப் புதியவர்கள் படிப்பது மிகப் பரவலான பிழை. முதல்தர ஆட்டக்காரரைவிடச் சராசரி ஆட்டக்காரருக்கு மைதானம் எவ்வளவு கூடுதலாகக் கடினமாகிறது என்பதையே அது சொல்கிறது. மொத்தக் கடினத்துக்கு கோர்ஸ் ரேட்டிங்கைப் பாருங்கள்.

ஐந்தாம், ஆறாம் படிகளில் நீங்கள் எழுதியவற்றோடு இந்த எண்களைப் பொருத்திப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் அந்த இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி பார்க்க வேண்டும். எண் சரி, என் கண் தவறு என்று உடனே முடிவுசெய்ய வேண்டியதில்லை. கோணங்களால் வரும் சிக்கலை அந்த எண்கள் முழுமையாகப் பிடிப்பதில்லை.

10. ஒவ்வொரு முடிவையும் ஒரு ஹோலின் மீது நிறுத்துங்கள்

எழுதும்போது “இது இயற்கையானது, அது செயற்கையானது” போன்ற அடைமொழிகளைத் தவிருங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் வடிவமைப்பாளர் எடுத்த முடிவு, அது தெரியும் ஹோல், அதனால் ஆட்டக்காரருக்கு நேர்வது ஆகிய மூன்றும் இருக்கட்டும். “மேமத் டியூன்ஸின் ஆறாவதில் பூமராங் வடிவக் கிரீனைக் கிட் வைத்திருப்பதால், அந்தக் குறுகிய பார் 4இல் கிரீனை அடைந்தவரும் அதன் தவறான பக்கத்தில் நின்றால் கொடியை நோக்கி நேராக உருட்ட முடிவதில்லை” என்ற வாக்கியத்தை மறுப்பவர்கூட அந்த இடத்தில் போய் நின்றே மறுக்க வேண்டும்.

விளையாடிய தேதியையும் மைதானம் திறந்து எத்தனையாவது பருவம் என்பதையும் எழுத்தின் தலையிலேயே கொடுங்கள். புதிய மைதானத்தில் ஃபெஸ்க்யூ அடர்ந்து நிலைபெறச் சில ஆண்டுகள் ஆகும். திறந்த மணலின் விளிம்புகளைக் காற்று ஒவ்வோர் ஆண்டும் நகர்த்துகிறது. பந்து வழிந்தோடும் சரிவுகள் புல் முதிர்ந்த பின் வேறு வேகம் காட்டும். அக்கம்பக்கத்து மைதானங்களே ஆனாலும் ஒன்று முதல் பருவத்திலும் மற்றொன்று மூன்றாம் பருவத்திலும் இருக்கும்போது ஒப்பிட்டிருந்தால், தரையின் இறுக்கத்தைப் பற்றிய குறிப்புகளைப் பென்சிலால் எழுதிவைத்து, இளைய மைதானமும் மூன்றாம் பருவத்தை எட்டியபின் ஆறாம், எட்டாம் படிகளை மட்டும் மீண்டும் செய்யுங்கள்.